மூலம் தொலைந்த சிலையைச் செய்தவர் யார்? அடால்ஃப் ஃபுர்ட்வெங்லரும் அவர் வகுத்த முறையும்

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் பளிங்குச் சிலை நிற்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு விவரச் சீட்டு: ரோமானியப் பிரதி, கி.பி. 1 அல்லது 2-ஆம் நூற்றாண்டு. மூலம் ஃபெய்டியாஸ், கி.மு. 5-ஆம் நூற்றாண்டு. படித்ததும் குழப்பம் வருவது நியாயம்தான். மூலச் சிலை எங்கே என்று கேட்டால், தொலைந்துவிட்டது என்கிறார்கள். அதில் சிற்பியின் பெயர் வெட்டியிருந்ததா என்று கேட்டால், சிலையே இல்லாதபோது யாருக்குத் தெரியும்? ஐந்நூறு, அறுநூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் செய்த நகலை வைத்துக்கொண்டு, இதன் மூலச்சிலை கிரேக்கச் சிற்பி ஃபெய்டியாஸ் கையால் ஆனது என்று எந்தத் தைரியத்தில் எழுதினார்கள்?

அந்தத் தைரியத்தின் பெரும்பகுதி ஒரு மனிதருடையது. அடால்ஃப் ஃபுர்ட்வெங்லர் (1853–1907) என்ற ஜெர்மானியச் செவ்வியல் தொல்லியலாளர். மேற்கத்திய இசை கேட்பவர்களுக்கு அந்தக் குடும்பப் பெயர் பழக்கமாக இருக்கும். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திய வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் இவருடைய மகன். மகனின் புகழில் அப்பாவை உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆனால் அருங்காட்சியகச் சீட்டுகளில் அப்பாதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே ஜெயித்தார், எங்கே வழுக்கினார் என்று பார்த்தால் அந்தச் சீட்டுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் பிடிபடும்.

முதலில் அடிப்படை: மூலங்கள் எங்கே போயின?

கிரேக்கர்களின் புகழ்பெற்ற சிலைகளில் பெரும்பாலானவை வெண்கலம். வெண்கலத்துக்கு ஒரு சாபம் உண்டு: உருக்கி வேறு பொருளாக வார்த்துவிடலாம். போர், பஞ்சம், மதமாற்றம் என்று காலம் மாறும்போதெல்லாம் சிலைகள் உலைக்குப் போயின. கடலில் மூழ்கியவையும் மண்ணுக்குள் அகப்பட்டவையும்தான் தப்பின.

அதற்கு முன்பே பணக்கார ரோமானியர்கள் கிரேக்கச் சிலைகள்மேல் பைத்தியமாகி, தங்கள் தோட்டத்துக்கும் குளியல் கூடத்துக்கும் பளிங்கில் நகல் கேட்டார்கள். மூலத்தின்மேல் சாந்து பூசி அச்செடுத்து, அதைச் சிற்பக்கூடத்துக்குக் கொண்டுபோய், அளவெடுத்துப் பளிங்கில் செதுக்கினார்கள். வெறும் ஊகம் இல்லை இது. நேப்பிள்ஸ் அருகே பாயே என்ற இடத்தில் 1954-ல் இப்படிப்பட்ட ரோமானியக் காலத்துச் சாந்து வார்ப்புகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, ஏதென்ஸ் நகரச் சந்தையில் நின்ற புகழ்பெற்ற வெண்கலச் சிலையின் முகத்திலிருந்து எடுத்தது என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

பளிங்கு நகலில் ஒரு தடயம் எப்போதும் இருக்கும். கணுக்கால் இரண்டை நம்பி வெண்கல உடம்பு நிற்கும்; பளிங்கு உடைந்துவிடும். ஆகவே கால் பக்கத்தில் ஒரு மரத்தண்டையோ தூணையோ சேர்த்துச் செதுக்கினார்கள். அப்பல்லோவின் தொடையை ஒட்டிச் சம்பந்தமே இல்லாமல் ஒரு அடிமரம் நின்றால், மூலம் வெண்கலமாக இருந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

ஆக, கையில் இருப்பவை இரண்டு. ஒரு பக்கம் பெயரில்லாத நகல்கள், ஆயிரக்கணக்கில். இன்னொரு பக்கம் சிலையில்லாத பெயர்கள்: ரோமானிய எழுத்தாளர் ப்ளினியும், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றிய பவுசானியாஸும் எழுதிவைத்த சிற்பிகளின் பெயர்கள், படைப்புகளின் பெயர்கள். இந்த இரண்டு குவியலையும் பொருத்துவதுதான் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள் தலையில் போட்டுக்கொண்ட வேலை.

ஃப்ரைபுர்க்கிலிருந்து ஒலிம்பியாவுக்கு

ஃபுர்ட்வெங்லர் 1853 ஜூன் 30 அன்று ஃப்ரைபுர்க்கில் பிறந்தார். அப்பா கிரேக்கமும் லத்தீனும் கற்ற பள்ளித் தலைமையாசிரியர். ஃப்ரைபுர்க், லைப்சிக், மியூனிக் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் படித்தார். மியூனிக்கில் ஹைன்ரிஷ் ப்ரூனிடம் 1874-ல் முனைவர் பட்டம். கிரேக்கப் பானை ஓவியங்களில் காதல் தெய்வமான ஈரோஸ் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பது ஆய்வுப்பொருள். சிலையைப் பற்றி நூல்களில் தேடுவதற்கு முன்னால் சிலையையே உற்றுப் பார் என்று பழக்கியவர் ப்ரூன். மாணவர் அதை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் உதவித்தொகையில் இத்தாலியும் கிரேக்கமும் சுற்றியபின், 1878-ல் ஒலிம்பியா அகழாய்வில் சேர்ந்தார். எர்ன்ஸ்ட் குர்ட்டியுஸ் தலைமையில் 1875-ல் தொடங்கிய அந்த அகழாய்வு, கிரேக்க அரசும் ஜெர்மன் அரசும் 1874-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நடந்தது. தோண்டும் செலவு ஜெர்மனிக்கு, கிடைக்கும் பொருள் கிரேக்கத்துக்கு. கிடைத்ததைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

ஒலிம்பியாவில் எல்லாக் கண்ணும் ஹெர்மஸ் போன்ற பெரிய பளிங்குச் சிலைகள்மேல். இளைஞரான ஃபுர்ட்வெங்லர் கைக்கு வந்ததோ விரல் நீள வெண்கலக் குதிரைகள், மாடுகள், முக்காலிக் கொப்பரைகளின் உடைந்த கால்கள். நேர்ந்துகொண்டவர்கள் கோவிலில் போட்ட காணிக்கைகள் இவை, ஆயிரக்கணக்கில். இன்னொருவராக இருந்தால் எண்ணிப் பெட்டியில் போட்டிருப்பார். இவர் எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது, எந்த வகைக் கோட்டு அலங்காரம் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து, கிரேக்கக் கலையின் தொடக்க நூற்றாண்டுகளுக்கு ஒரு வரிசை கட்டினார். ஒலிம்பியா வெண்கலங்கள் பற்றிய அவருடைய பெரிய தொகுதி 1890-ல் வந்தது.

உடைந்த ஓடு ஏன் தங்கத்தைவிட முக்கியம்

அதே சமயத்தில் கெயோர்க் லோஷ்க்கே என்ற நண்பரோடு சேர்ந்து இன்னொரு வேலை. ஹைன்ரிஷ் ஷ்லீமன் 1876-ல் கிரேக்கத்தின் பழைய நகரமான மைசீனியில் தோண்டித் தங்க முகமூடிகளை எடுத்திருந்தார். பத்திரிகைகள் தங்கத்தைப் பற்றி எழுதின. இந்த இரண்டு இளைஞர்களும் அதே குழியில் வந்த பானை ஓடுகளை எடுத்துக்கொண்டார்கள். 1879-லும் 1886-லும் அவர்கள் வெளியிட்ட நூல்களில், மங்கல் வண்ணம் தீட்டியவை, பளபளக்கும் வண்ணம் தீட்டியவை என்று ஓடுகளைப் பிரித்து, பளபளப்பு வகையையும் முன்பின் வரிசையில் உட்பிரிவுகளாக்கினார்கள்.

இதனால் என்ன பயன்? தங்கத்தை உருக்கி மறுபடி செய்யலாம், பரம்பரையாக வைத்துக்கொள்ளலாம். அதனால் அது காலத்தைச் சரியாகச் சொல்லாது. பானை அப்படி இல்லை. மலிவாக வாங்கி, சீக்கிரம் உடைத்து, உடைந்த இடத்திலேயே போட்டுவிடுவார்கள். எந்தப் பாணி எப்போது புழங்கியது என்று தெரிந்துவிட்டால், ஓடு கிடைக்கிற மண்ணடுக்கின் காலமும் தெரிந்துவிடும். ரோட்ஸ் தீவில் இதே வகைப் பானைகளைக் கொண்ட கல்லறைகளில் எகிப்திய மன்னர் மூன்றாம் அமென்ஹோட்டெப்பின் பெயர் பொறித்த வண்டு முத்திரை ஒன்று கிடைத்தது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டு மன்னர் அவர். எழுத்தே இல்லாத ஓட்டு வரிசைக்கு எகிப்திலிருந்து இப்படித்தான் ஆண்டுக்கணக்கு வந்து சேர்ந்தது.

இந்த நியாயம் நமக்குப் புதிதில்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பளபளப்பான சிவப்பு மட்பாண்ட ஓடுகளை வைத்துத்தான் அந்த அடுக்குகளுக்குக் காலம் குறித்தார். தமிழ்நாட்டுத் தொல்லியலின் காலக்கணக்கில் ஒரு முனை, ஐரோப்பியச் செவ்வியல் அறிஞர்கள் செய்துவைத்த ஓட்டுப் பட்டியல்களில் கட்டப்பட்டிருக்கிறது.

1880-ல் பெர்லின் அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை. அங்கே பதினான்கு வருஷம். 1885-ல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பானைகளுக்கு இரண்டு தொகுதிகளில் விவரப் பட்டியல் போட்டார். 1896-ல் வந்த செதுக்குக் கற்களின் பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள். வாசிக்க அலுப்பான புத்தகங்கள்தான். ஆனால் அடுத்து வரப்போகும் துணிச்சலுக்கெல்லாம் முதலீடு இங்கேதான் சேர்ந்தது. ஒரு மனிதர் இத்தனை பொருளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டு அவருடைய தீர்ப்புகளை எடைபோட முடியாது.

பதவி மட்டும் உயரவில்லை. 1889-ல் சிற்பப் பிரிவின் இயக்குநராக ரைன்ஹார்ட் கெக்கூலே வந்தார். ஃபுர்ட்வெங்லருக்கு நாக்கு கூர்மை; அச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். 1894-ல் ஆசிரியர் ப்ரூனின் இடத்துக்கு மியூனிக் அழைத்தபோதுதான் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது. கூடவே கிளிப்டோதேக் சிற்பக் கூடத்தின் பொறுப்பும் வந்தது.

பிரதிகளை ஒப்பிடும் முறை

அதற்கு முந்தைய வருஷம், 1893-ல், கிரேக்கச் சிற்பத்தின் தலைசிறந்த படைப்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வெளிவந்திருந்தது. இரண்டே வருஷத்தில் யூஜினி செல்லர்ஸ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். முறை என்னவென்று சொல்ல நமக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரே நூலுக்குப் பல ஏட்டுச்சுவடிகள் கிடைத்தால் பதிப்பாசிரியர் பாடபேதங்களை வரிசைப்படுத்தி, எது பொதுவாக வருகிறது, எது ஏடெழுதியவர் கைப்பிழை என்று பிரித்து, மூலபாடத்தை நெருங்குவார் இல்லையா? சிலைகளுக்கும் அதேதான். படிப்படியாகச் சொன்னால்:

1. ஒரே நிலையில், ஒரே உடை மடிப்போடு, ஒரே தலைமுடி அமைப்போடு உள்ள சிலைகளை எல்லா ஊரிலிருந்தும் திரட்டு. ரோமில் ஒரு தலை, பாரிஸில் ஒரு உடல், மாட்ரிட்டில் பாதிக் கை என்று சிதறிக் கிடக்கும். புகைப்படமும் சாந்து வார்ப்பும் பெருகிய அந்தக் காலத்தில்தான் இது நடைமுறையில் சாத்தியமானது.

2. எல்லா நகலிலும் பொதுவாக இருப்பது மூலத்தில் இருந்தது. ஒன்றில் மட்டும் இருப்பது நகலெடுத்தவர் சேர்த்தது, அல்லது 17, 18-ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தவர் ஒட்டியது. இந்தக் கடைசி ஆசாமிகள் பெரிய தலைவலி. மூக்கில்லாத சிலைக்கு மூக்கும், தலையில்லாத சிலைக்கு வேறொரு சிலையின் தலையும் வைத்துவிடுவார்கள்.

3. இப்படிக் கிடைத்த உருவத்துக்குப் பாணியை வைத்துக் காலம் குறி. கண்ணிமை, காது, முடிச்சுருள், மடிப்பின் ஆழம் எல்லாம் கணக்கு.

4. அந்தக் காலத்துச் சிற்பிகளைப் பற்றிப் பழைய எழுத்தாளர்கள் சொன்னதோடு பொருத்து.

முதல் இரண்டு படிகளில் தரை உறுதியானது. மூன்றாவதில் கொஞ்சம் அசைகிறது. நான்காவது படியில் ஃபுர்ட்வெங்லர் ஒரு அனுமானத்தைச் சேர்த்தார்: ரோமானியர்கள் புகழ்பெற்றவற்றைத்தான் நகலெடுத்தார்கள், ப்ளினியும் பவுசானியாஸும் புகழ்பெற்றவற்றைத்தான் குறித்தார்கள், ஆகவே நிறைய நகல் உள்ள சிலை அந்த நூல்களில் எங்கோ இருந்தே ஆக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோட்டத்துக்கு அழகாக இருக்கிறதென்று பெயர் தெரியாத சிற்பியின் வேலையை யாரும் வாங்கியிருக்க மாட்டார்களா என்ன?

லெம்னிய அதீனா: தலையும் உடலும் சேர்ந்த கதை

இந்த முறையின் மிகப் பிரபலமான பலன் இது. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் ஃபெய்டியாஸ் செய்த, அதீனா என்ற பெண் தெய்வத்தின் வெண்கலச் சிலை ஒன்று நின்றது. லெம்னோஸ் தீவுக்காரர்கள் காணிக்கையாக வைத்ததால் லெம்னியா என்று பெயர். ஃபெய்டியாஸின் வேலைகளில் பார்க்கத் தகுந்தவற்றுள் முதன்மையானது என்கிறார் பவுசானியாஸ். லூக்கியன் என்ற எழுத்தாளர் அதன் முகவடிவையும் கன்னத்தின் மென்மையையும் அளவான மூக்கையும் புகழ்கிறார். அவ்வளவுதான் தகவல். என்ன உடை, கையில் என்ன, ஒன்றும் தெரியாது.

ட்ரெஸ்டனில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அதீனா உடல்கள் இருந்தன. மார்புக்குக் குறுக்கே சரிவாகப் போட்ட பாம்பு விளிம்புத் தோலாடை, அதன்மேல் இடுப்புக்கட்டு. ஒன்றில் சேதமான தலை இருந்தது. மற்றதன் தலை பழையதல்ல. இன்னொரு ஊரில், இத்தாலியின் போலோன்யாவில், ஓவியர் பெலாஜியோ பலாஜி நகரத்துக்கு எழுதிவைத்த சேகரிப்பில் ஓர் அழகான பளிங்குத் தலை. குட்டையான சுருள்முடி, சுற்றி ஒரு பட்டை, தலைக்கவசம் கிடையாது. அதீனா என்றாலே கவசம் நினைவுக்கு வருவதால் யாருக்கும் அவள் நினைவு வரவில்லை.

ஃபுர்ட்வெங்லருக்கு வந்தது. ட்ரெஸ்டனின் சேதமான தலையும் போலோன்யாத் தலையும் ஒரே வகை என்று கண்டார். போலோன்யாத் தலையிலிருந்து சாந்து வார்ப்பு எடுத்து வரவழைத்து, ட்ரெஸ்டனின் இரண்டாவது உடல்மேல் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பளிங்குத் தலை ஒரு காலத்தில் இதே உடலில்தான் இருந்தது, உடைந்த விளிம்பு அதே விளிம்போடு சேருகிறது என்று அவர் அறிவித்தார். அடுத்த அடி: கவசம் இல்லாத அதீனா, ஃபெய்டியாஸ் காலத்துப் பாணி, பழைய எழுத்தாளர்கள் வியந்த முக அழகு, ஆகவே இதுவே லெம்னியா.

உற்றுப் பார்த்தால் இங்கே மூன்று தனித்தனித் தீர்ப்புகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பது தெரியும். தலை வகையும் உடல் வகையும் ஒரே சிலைக்குரியவை என்பது ஒன்று. போலோன்யாத் தலை அந்த ட்ரெஸ்டன் உடலில் இருந்த அதே தலை என்பது இன்னொன்று. மூலம் ஃபெய்டியாஸின் லெம்னியா என்பது மூன்றாவது. முதலாவது சரியாக இருந்து மூன்றாவது தவறாக இருக்கலாம். 1983-ல் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஹார்ட்ஸ்விக் பழைய ஆவணங்களைக் கிளறி, தலையும் உடலும் சேருவதையே கேள்விக்குள்ளாக்கினார். மற்றவர்கள் ஃபுர்ட்வெங்லர் பக்கம் நின்று பதில் எழுதினார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் கடைசித் தீர்ப்பு வரவில்லை. இதற்கிடையே அந்த ஒட்டுச் சிலையின் படம் பாடப்புத்தகங்களில் ஃபெய்டியாஸின் படமாகவே குடியேறிவிட்டது.

லூவ்ர் வாங்கிய தங்கக் கிரீடம்

கண்ணை மட்டும் நம்புவதா என்று இழுப்பவர்களுக்கு அவருடைய ஆதரவாளர்கள் காட்டும் வழக்கு இது.

1896-ல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 2,00,000 ஃப்ராங்க் கொடுத்து ஒரு தங்கக் கிரீடத்தை வாங்கியது. கூம்பு வடிவம், சுமார் 17.5 செ.மீ. உயரம். ஒரு பட்டையில் ஹோமரின் டிராய்ப் போர்க் காட்சிகள், இன்னொன்றில் கருங்கடல் ஓரத்துச் சித்தியர்களின் அன்றாட வாழ்க்கை. ஓல்பியா நகர மக்கள் வெல்லமுடியாத மன்னர் சைதாஃபர்னஸுக்குக் கொடுத்தது என்று கிரேக்க எழுத்தில் பொறித்திருந்தது. அப்படி ஒரு மன்னர் இருந்தது ஓல்பியா கல்வெட்டு ஒன்றிலிருந்து ஏற்கெனவே தெரியும். ஆக, பொருளும் ஆவணமும் ஒன்றையொன்று தாங்கின. பிரெஞ்சு அறிஞர்கள் பூரித்துப்போனார்கள்.

அதே வருஷம் ஃபுர்ட்வெங்லர் இது போலி என்று எழுதினார். உருவங்களின் பாணி ஒத்துவரவில்லை. அத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்த தங்கத்துக்குரிய பழமைப் படிவும் இல்லை. பாணி ஒத்துவரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய கைவினைஞர் தன் காலத்து வழக்கத்துக்குள் நின்று வேலை செய்வார். இன்றைய போலிக்காரர் கையில் படப் புத்தகம் இருக்கும். வெவ்வேறு நூற்றாண்டுப் படங்களிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்து அடுக்குவார். தனித்தனியாக ஒவ்வொரு உருவமும் பழமையாகத் தெரியும், சேர்த்துப் பார்த்தால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாது.

பாரிஸில் இதை ஜெர்மானியப் பொறாமை என்று தள்ளினார்கள். 1870-ல் மூண்ட போரின் காயம் ஆறாத காலம்; அறிவு விவாதம் தேச மானமாக மாறிவிட்டது. ஏழு வருஷம் கிரீடம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. 1903-ல் ஒடெஸா நகரப் பொற்கொல்லர் இஸ்ரேல் ரூகொமோவ்ஸ்கி பாரிஸ் வந்து, செய்தது தான்தான் என்றார். ஹோஃக்மன் என்ற வியாபாரி தொல்லியலாளர் ஒருவருக்குப் பரிசளிக்க வேண்டும் என்று சொல்லி, மாதிரிக்குப் படப் புத்தகங்களும் கொடுத்துச் செய்யச் சொன்னாராம். அதிகாரிகள் முன்னால் கிரீடத்தின் ஒரு பகுதியை மறுபடி செய்தும் காட்டினார். விசாரணைக்குப்பின் கிரீடம் காட்சியிலிருந்து நீங்கியது. ரூகொமோவ்ஸ்கிக்குப் பெயர் கிடைத்தது. மோசடி செய்யும் எண்ணமில்லாத அந்தக் கைவினைஞர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஆதம்க்லிசியில் சறுக்கியது

அதே கண் இன்னொரு இடத்தில் தவறியது. இன்றைய ருமேனியாவில் ஆதம்க்லிசி என்ற ஊரில் ரோமானிய வெற்றிச் சின்னம் ஒன்று இருக்கிறது. பேரரசர் ட்ராஜன் பெயரில் கி.பி. 109-ஆம் ஆண்டுக் கல்வெட்டே உண்டு. ரோமில் உள்ள ட்ராஜன் தூணின் சிற்பங்கள் நேர்த்தியானவை. ஆதம்க்லிசிச் சிற்பங்களோ கரடுமுரடு. இரண்டும் ஒரே காலமாக இருக்க முடியாது என்று ஃபுர்ட்வெங்லர் முடிவு கட்டி, கி.மு. 29–28-ல் அந்தப் பக்கம் போரிட்ட க்ராஸுஸ் என்ற தளபதியின் சின்னம் இது, ட்ராஜன் புதுப்பித்தது மட்டும்தான் என்று வாதாடினார். ஓட்டோ பென்டோர்ஃப், ஃப்ரான்ஸ் ஸ்டுட்னிச்கா போன்றோர் எதிர்த்தார்கள். இன்று ட்ராஜன் காலம் என்பதே ஏற்கப்பட்ட முடிவு. தலைநகரத்துச் சிற்பியும் எல்லைப்புறப் படைமுகாமின் கல்தச்சரும் ஒரே வருஷத்தில் வேறுவேறு விதமாகச் செதுக்குவார்கள் என்பதற்குப் பாணிக் கணக்கில் இடம் வைக்காததால் வந்த வினை. கல்வெட்டு கண்ணெதிரே இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டுப் பாணியை நம்பியதை என்னால் பிடிவாதம் என்றுதான் சொல்ல முடிகிறது.

ஏகினா: பெயர் தெரிந்த கோவிலும் வண்ணச் சிலைகளும்

ஏதென்ஸுக்கு எதிரே உள்ள ஏகினா தீவில் மலைமேல் ஒரு கோவில். 1811-ல் ஆங்கிலேயர், ஜெர்மானியர் சிலர் கூட்டாக அங்கே தோண்டி முகப்பு முக்கோணச் சிற்பங்களை எடுத்தார்கள். மறுவருஷம் ஏலத்தில் பவேரிய இளவரசர் லுட்விக் வாங்கினார். டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் ரோமில் வைத்துக் கை, கால், தலை எல்லாம் புதிதாகச் செய்து ஒட்டினார். 1830-ல் திறந்த மியூனிக் கிளிப்டோதேக்கில் அவை நின்றன. போர்க் காட்சி அழகுதான். ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பது ஊகம்; கோவில் யாருடையது என்பதுகூடத் தெரியாது. ஸீயஸ் என்றார்கள், பிறகு அதீனா என்றார்கள்.

தன் பொறுப்பில் இருந்த இந்தச் சிலைகளுக்கு விடை தேடி ஃபுர்ட்வெங்லர் 1901-ல் ஏகினாவில் தோண்டினார். கட்டட ஆய்வுக்கு எர்ன்ஸ்ட் ஃபீக்டர், உடன் ஹெர்மன் தியர்ஷ். பதின்வயது மகன் வில்ஹெல்மையும் தீவுக்கு அழைத்துப்போயிருக்கிறார். கிடைத்த கல்வெட்டு ஒன்று அங்கே அஃபாயா என்ற தெய்வத்துக்கு ஆலயம் எழுப்பியதைச் சொன்னது. ஏகினாவுக்கு வெளியே ஏறக்குறைய யாருக்கும் தெரியாத ஓர் உள்ளூர்ப் பெண் தெய்வம் அவள். இன்று வரைபடங்களில் அஃபாயா கோவில் என்று பார்க்கிறோமே, அது இந்தக் கல்வெட்டால் வந்த பெயர்.

புதிய துண்டுகளையும் பீடங்களில் இருந்த பதிவுகளையும் வைத்துச் சிலைகளின் வரிசையை அவர் மாற்றி அமைத்தார். எல்லாமே நிலைக்கவில்லை. அதிகப்படியாகக் கிடைத்த சிற்பத் துண்டுகள், போட்டியில் தோற்றுப்போன சிற்பிகளின் வேலை என்று அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். தோர்வால்ட்சன் ஒட்டிய பாகங்களை 1960-களில் டீட்டர் ஓலி கழற்றினார். அதே ஓலி ஏகினாவில் மறுபடி அகழாய்வும் செய்தார்.

1906-ல் வந்த ஏகினாத் தொகுதியில் கோவிலின் முகப்பை முழு வண்ணத்தில் வரைந்து காட்டியிருந்தார்கள். சிவப்பும் நீலமும் பளிங்கில் ஒட்டியிருந்ததைத் தோண்டும்போதே குறித்திருந்தார்கள். இன்று வண்ணம் தீட்டிய கிரேக்கச் சிலைகளின் படங்களைப் பார்த்து இதென்ன கூத்து, புதிதாகக் கதை விடுகிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. புதிது இல்லை. 2003-ல் மியூனிக் கிளிப்டோதேக்கில் வின்சென்ஸ் ப்ரிங்க்மன் காட்டிய வண்ண மறுவார்ப்புகளில் புகழ்பெற்றது, கட்டம் போட்ட கால்சட்டை அணிந்த வில்லாளி. அவன் வந்ததும் இதே ஏகினாவிலிருந்துதான். ப்ரிங்க்மன் கையில் புறஊதா ஒளியும் சாய்வொளிப் படமும் இருந்தன. சிலை வெறும் வெள்ளை இல்லை என்பது அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அச்சில் வண்ணத்தோடு வந்துவிட்டது.

1907 இலையுதிர்காலத்தில் ஏகினா வேலையின்போது ஃபுர்ட்வெங்லருக்குச் சீதபேதி கண்டது. அக்டோபர் 10 அன்று ஏதென்ஸில் இறந்தார். வயது 54. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று

மாணவர்கள் லுட்விக் குர்ட்டியுஸ், எர்ன்ஸ்ட் புஷோர், கெயோர்க் லிப்போல்ட் போன்றோர் அடுத்த தலைமுறையின் பெரிய பெயர்கள் ஆனார்கள். ஓவியர் கார்ல் ரைக்ஹோல்டோடு அவர் தொடங்கிய பானை ஓவியத் தொகுதியை ஃப்ரீட்ரிஷ் ஹவுஸர் தொடர்ந்தார். வளைந்த பானையில் உள்ளதைத் தட்டையான தாளில் கோடு பிசகாமல் விரித்துக் காட்டிய படங்கள் அவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் பீஸ்லி பின்னால் ஏதென்ஸ் பானைகளைக் கை கையாகப் பிரித்து, பெயர் தெரியாத ஓவியர்களுக்குப் பெயர் சூட்டியபோது, நடந்த பாதையில் ஃபுர்ட்வெங்லரின் காலடியும் இருந்தது.

சிற்பத்தில் மட்டும் காற்று திரும்பியது. 1980-களில் பிரூனில்டே ரிட்ஜ்வே போன்றவர்கள் அடிப்படையையே கேட்டார்கள்: ரோமானியப் பளிங்கு எல்லாம் நகல்தான் என்று யார் சொன்னது? பழைய பாணியில் புதிதாகவே செய்திருக்கலாமே. பிரதி ஒப்பீடு ரோமானியச் சிற்பியை வெறும் நகல் இயந்திரமாக்கிவிட்டது என்ற குறை நியாயமானதுதான்.

இன்னொரு சோதனையும் தானாக வந்தது. 1972-ல் தென் இத்தாலியின் ரியாச்சே கடலில் இரண்டு கிரேக்க வெண்கல வீரர்கள் கிடைத்தார்கள். நகல் இல்லை, மூலமே. உதட்டில் செம்பு, பல்லில் வெள்ளி, கண்ணிமை உட்பட அத்தனையும் கையில். பாணியை வைத்துச் சிற்பியைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஃபெய்டியாஸ் என்றார்கள், மைரோன் என்றார்கள், பொலிக்ளைட்டஸ் என்றார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஒருமித்த பெயர் இல்லை. மூலத்தை வைத்தே முடியாததை நகலை வைத்துச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பது இங்கே புரிந்துவிடும்.

அந்தச் சீட்டை இனி எப்படி வாசிப்பது

1. லெம்னியா வகை, தட்டெறிபவன் வகை என்று ‘வகை’ போட்டிருந்தால், ஒத்த நகல்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பொதுவாக நம்பலாம்.

2. மூலம் இன்ன நூற்றாண்டு என்றிருந்தால் அது பாணிக் கணக்கு. ஆதம்க்லிசியை நினைவில் வைத்துக்கொண்டு சில பத்தாண்டுகள் முன்பின் விட்டு வாசிக்கலாம்.

3. மூலம் இன்னார் என்று பெயர் போட்டிருந்தால், அந்தச் சிற்பத்தை விவரிக்கும் பழைய எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். மைரோனின் தட்டெறிபவனுக்கு லூக்கியன் உடம்பு எப்படி வளைகிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது வரை எழுதிவைத்திருக்கிறார். நகல்களும் அதே நிலையில் நிற்கின்றன. அங்கே பெயர் உறுதி. லெம்னியாவுக்கு அப்படி விவரிப்பு இல்லை. அங்கே நாம் வாசிப்பது ஃபுர்ட்வெங்லரின் தீர்ப்பை.